போகாஸ்தேல் பாட்டிலுக்கு என்ன சமைக்கலாம்? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஒயின் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

போன கோடையில் தெற்கு பிரான்சில் அவிஞோன் நகரம் பக்கம் போனபோது ஷாத்தோ த போகாஸ்தேல் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கி வந்தேன், 2016 அறுவடை. ஷாத்தோநெஃப் து பாப் பகுதியில் பெர்ரன் குடும்பத்தாரின் தோட்டம் அது. கொடிகளுக்கு அடியில் மண்ணே தெரியவில்லை, எல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி கூழாங்கற்கள். சாயங்காலம் ஏழு மணிக்குத் தொட்டுப் பார்த்தால், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இன்னும் சூடு! பகல் வெயிலை வாங்கி வைத்திருந்து இரவில் திராட்சைக்குக் கொடுக்குமாம். அங்கே பாரம்பரியமாக அனுமதிக்கப்பட்ட 13 திராட்சை வகைகளையும் வளர்க்கிறார்கள். அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் க்ரெனாஷ் என்ற வகையையே நம்பியிருக்க, இவர்கள் மூர்வெத்ர் என்ற வகையையும் தாராளமாகச் சேர்க்கிறார்கள். இந்த ஒயினில் வரும் பதனிட்ட தோல் (லெதர்) வாசனை அதிலிருந்துதான்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு பிரெஞ்சுத் தம்பதி சாப்பிட வருகிறார்கள். தைம் மூலிகை, பூண்டு போட்டு ஆட்டுத்தொடை சுடலாமா? இல்லை, மாட்டுக்கறியைச் சிவப்பு ஒயினில் மணிக்கணக்கில் வேகவைக்கிற தோப் செய்யலாமா? எனக்குத் தோப் பக்கம்தான் மனசு. வீட்டுக்காரர் காரமாகக் கோழிக்குழம்பு வை என்கிறார். 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், அதோடு மிளகாயும் சேர்ந்தால் எரியும் என்று சொன்னால் கேட்டால்தானே!

அப்புறம், எத்தனை மணி நேரம் முன்னால் டிகான்டரில் (காற்றுப் படும்படி ஒயினை ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றணும்? போன தடவை இதே ரோன் பள்ளத்தாக்கின் வேறொரு ஒயினை அடுப்புப் பக்கத்திலேயே வைத்து, வெதுவெதுப்பாக ஊற்றி மானம் போனது. 16 டிகிரி சரியா இருக்குமா?