டைம்லாப்ஸில் 2 மணி நேரத்துக்குள் செல்கள் உருண்டு சாகின்றன: காரணம் ஒளியா, சூழலா?

கேள்வி:
மைக்ராஸ்கோப்பில் டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டுத் தொடர்ந்து படமெடுப்பது) செய்கிறேன். ஹீலா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்), குரோமோசோமைப் பச்சையாக ஒளிரவைக்கும் எச்2பி-ஜி.எஃப்.பி. புரதத்தை நிலையாக வெளிப்படுத்துபவை. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சிவப்புச் சாயம், 200 நானோமோலார். 60 மடங்கு பெரிதாக்கும், 1.4 துளை எண் (என்.ஏ.) கொண்ட எண்ணெய் லென்ஸ், எல்.இ.டி. ஒளி. நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிறம், நிறத்துக்கு 5 இசட் தளம் (வெவ்வேறு ஆழத்தில் ஒவ்வொரு படம்), தளத்துக்கு 200 மில்லி விநாடி. 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு. முதலில் மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாகிறது, பிறகு சவ்வில் கொப்புளம், கடைசியில் செல் உருண்டுவிடுகிறது. தொடங்கி ஒரு மணி நேரம்வரை ஃபோகஸும் நழுவுகிறது. எங்கே தொடங்குவது?

பதில் 1:
எதையும் மாற்றுவதற்கு முன், படப்பிடிப்பு முடிந்ததும் அதே டிஷ்ஷில் சில மில்லிமீட்டர் தள்ளி, ஒளியே படாத இடத்தை ஃபேஸ் கான்ட்ராஸ்ட்டில் (சாயமில்லாமல் சாதாரண ஒளியில் செல்லைக் காட்டும் முறை) பாருங்கள். அங்கும் செத்திருந்தால் வெப்பம், வாயு, மீடியம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அங்கே நன்றாக இருந்தால் ஒளிதான். உருண்ட செல்லெல்லாம் சாகும் செல் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். பிரியும் செல்லும் உருளும், ஆனால் ஒரு மணி நேரம் போல ஆனதும் இரண்டாகித் திரும்பப் படியும்.

கேட்டவர்:
ஒளி படாத இடத்தில் செல்கள் பிரிந்துகொண்டுதான் இருக்கின்றன.

பதில் 2:
அப்படியானால் கணக்குப் போடுங்கள். 2 × 5 × 0.2 = நிமிடத்துக்கு 2 விநாடி ஒளி. இது கேமரா திறந்திருக்கும் நேரம் மட்டுமே. இசட் நகரும்போதும் ஃபில்டர் மாறும்போதும் எல்.இ.டி. எரிந்துகொண்டே இருந்தால் செல் வாங்கும் ஒளி இரு மடங்கைத் தாண்டலாம். பக்கவாட்டில் நின்று லென்ஸ் முனையைப் பார்த்தாலே தெரியும் (கண்ணுக்கு நேராக வேண்டாம்). கேமரா திறந்திருப்பதைச் சொல்லும் எக்ஸ்போஷர் அவுட் டி.டி.எல். சிக்னல் கேபிளை எல்.இ.டி. ட்ரிக்கரில் செருகினால், படம் எடுக்கும்போது மட்டும் விளக்கு எரியும்.

அடுத்தது இடைவெளி. செல் பிரிவைப் பின்தொடர 4 அல்லது 5 நிமிடத்துக்கு ஒரு படம் போதும், 3 தளம் போதும். விளக்கின் வலிமையையும் குறைத்துவிடுங்கள். செல்லின் உட்கருவின் ஓரம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிந்தால் சரி, அச்சுக்குப் போகும் அழகு தேவையில்லை.

ஆனால் என் முதல் சந்தேகம் சிவப்புச் சாயத்தின் மேல். மைட்டோகாண்ட்ரியாவிலேயே குவியும் சாயம், ஒளி பட்டதும் அங்கேயே செல்லைச் சேதப்படுத்தும் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்குகிறது. முதலில் துண்டாவது மைட்டோகாண்ட்ரியாதான் என்பதோடு இது பொருந்துகிறது. பச்சை மட்டும் ஓர் ஓட்டம், சிவப்பு மட்டும் ஓர் ஓட்டம் எடுத்துப் பாருங்கள். சாயத்தை 20–50 நானோமோலாருக்கு இறக்கி, 20 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். நீண்ட படப்பிடிப்புக்கு சாயத்துக்குப் பதில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பப்பட்ட எம்செர்ரி (செல்லே உண்டாக்கும் சிவப்பு ஒளிர் புரதம்) இன்னும் பாதுகாப்பு.

பதில் 3:
மீடியத்தையும் மாற்றுங்கள்: ஃபீனால் ரெட் (அமிலத்தன்மை காட்டும் நிறமி) இல்லாதது, ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) குறைந்தது. ரைபோஃப்ளேவின் பச்சையில் பின்னணியை ஏற்றும், ஜி.எஃப்.பி. சீக்கிரம் வெளுக்கவும் காரணமாகும். கார்பன் டை ஆக்சைடு ஒழுங்காக வரும்போது ஹெப்பீஸ் (மீடியத்தின் பி.எச். அளவை நிலைநிறுத்தும் பொருள்) சேர்க்காதீர்கள். அதோடு ரைபோஃப்ளேவினும் ஒளியும் கூடினால் செல்லுக்கு நஞ்சான ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும்.

ஃபோகஸ் நழுவல் வேறு கதை. எண்ணெய் வழியாக லென்ஸ் டிஷ்ஷின் வெப்பத்தை உறிஞ்சுகிறது, வெப்பம் சமநிலைக்கு வரும்வரை ஃபோகஸ் நகர்ந்துகொண்டே இருக்கும். லென்ஸுக்கு ஹீட்டர் வளையம் போட்டு, எண்ணெய் தொட்ட நிலையில் மீடியத்துக்குள் தெர்மோகப்பிள் (மெல்லிய வெப்பமானிக் கம்பி) வைத்து அளவெடுங்கள். திரையில் காட்டும் 37-ஐ நம்ப வேண்டாம். முழு அமைப்பையும் 2–3 மணி நேரம் முன்னமே சூடாக்குங்கள். டிஷ்ஷின் அடி 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிதானே?

கேட்டவர்:
ஆம், கண்ணாடிதான். எல்.இ.டி. நகர்வின்போதும் எரிந்தது. ட்ரிக்கர் இணைத்து, 5 நிமிட இடைவெளியில், பச்சையில் மட்டும் இரவு முழுக்க ஓடியது, செல்கள் பிரிகின்றன. சிவப்பைச் சேர்க்கும்போது எதை அளவுகோலாக வைப்பது?

பதில் 2:
கொப்புளம் வரும்வரை காத்திருக்காதீர்கள், அது கடைசிக் கட்டம். செல் பிரிவில் உட்கருவின் உறை உடைவதிலிருந்து குரோமோசோம்கள் பிரியும்வரை ஆகும் நேரத்தைப் பச்சை மட்டும் ஓட்டத்தில் 30 செல்களிலாவது அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பைச் சேர்த்ததும் அந்த நேரம் நீண்டால், செல்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஒளி இன்னும் அதிகம்.