சபையே இல்லாத இடத்தில் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் காத்துக்கொள்வது?

பொருநைக்கரையான் எழுதியது:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். நான் திருநெல்வேலிச் சீமையில், தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவன். சவுதி அரேபியாவில், நகரங்களுக்கு வெகுதொலைவில் பாலைவனத்தின் நடுவே உள்ள ஒரு நீரேற்று நிலையத்தில் 14 மாதங்களாக வேலை பார்க்கிறேன். இந்த நாட்டில் ஆலயம் கிடையாது, பொது ஆராதனைக்கு அனுமதியும் கிடையாது என்பது தெரிந்தேதான் வந்தேன். விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு முழு வேலைநாள். முகாமில் 40 பேர் இருக்கிறோம்: நேபாளிகள், மலையாள முஸ்லிம் சகோதரர்கள், பாகிஸ்தானியர், சமையற்கூடத்தில் இரண்டு பிலிப்பைன்ஸ்காரர்கள். என்னைத் தவிர விசுவாசி என்று ஒருவரும் இல்லை.

என்னை யாரும் துன்புறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறையில் உள்ளவர்கள் நான் ஜெபிக்கும்போது கைப்பேசியின் ஒலியைக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு நல்லவர்கள். ஊரில் முதல் மணி அடித்ததும் அம்மா எழுப்பிவிடுவார். ஆலயத்துக்குப் போகாவிட்டால் மாலைக்குள் நான்கு பேராவது காரணம் கேட்பார்கள். இங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. ஊர்ச் சபையின் ஆராதனையை யூடியூபில் இரவு கட்டிலில் படுத்தபடி பார்க்கிறேன். பாவ அறிக்கை வருவதற்குள் உறங்கிவிடுகிறேன். சென்ற வாரம் ஞாயிறு கடந்துபோனதே செவ்வாய்க்கிழமை மதியம்தான் நினைவுக்கு வந்தது. அதுதான் என்னைக் கலங்க வைத்தது.

சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று எபிரெயருக்கு எழுதிய நிருபம் 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கூடுவதற்கு ஆளே இல்லாதவன் என்ன செய்வது? அப்பமும் திராட்சைச் சாறும் வைத்துத் திருவிருந்தைத் தனியாக எடுத்துக்கொள்ளலாமா?

கடலோடி எழுதியது:

தம்பி, நான் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஜப்பானுக்குப் போகும் வழியில், சனிக்கிழமை இரவு பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கடந்தோம். படுக்கும்போது சனிக்கிழமை, எழுந்தால் திங்கட்கிழமை. அந்த வாரத்துக்கு ஞாயிறே இல்லை. எல்லாரும் சிரித்தோம். சற்று நேரம் கழித்து, எனக்கு எத்தனை மாதமாகவே ஞாயிறு இல்லை என்று எண்ணிப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த துறைமுகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஞாயிறுதோறும் தேதி, வாசித்த சங்கீதத்தின் எண், யாருக்காக ஜெபித்தேன் என்று இரண்டு வரி. உதிரிப்பாகங்கள் வைக்கும் அறையில், டீசல் நாற்றத்தின் நடுவே நின்றுகொண்டு, வாய்விட்டு வாசிப்பேன். மனத்துக்குள் வாசித்தால் பாதி வசனத்தில் மனம் வேறெங்கோ போய்விடும். தன் குரலைத் தானே கேட்கும்போது அவ்வளவு எளிதாக ஓடாது. ஆகவே படுத்துக்கொண்டு ஆராதனை பார்ப்பதை முதலில் விடுங்கள். அன்றைக்குரிய வேதபாடங்களை உங்கள் குருவானவரிடம் கேட்டு வாங்கி, ஊரில் வாசிக்கப்படும் அதே பகுதியை அதே நாளில் எழுந்து நின்று வாசியுங்கள். 20 நிமிடம் போதும்.

திருவிருந்தைத் தனியாக எடுப்பது எனக்குச் சரியென்று படவில்லை. அது பகிர்ந்து உண்ணும் பந்தி, நம் சபை முறைப்படி குருவானவர் நடத்துவது. விடுப்பில் ஊருக்குப் போகும்வரை அந்தப் பசி இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் எழுதியது:

ஞாயிறு தவறாமல் காப்பதைப் பற்றிக் கடலோடி ஐயா சொன்னது ஜப்பானை நினைவூட்டுகிறது. அங்கே 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் குருமார் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, நாகசாகியைச் சுற்றியிருந்த உழவர்களும் மீனவர்களும் வேதாகமமோ ஆலயமோ இல்லாமல் விசுவாசத்தை மறைவில் காத்தார்கள். திருமுழுக்குக் கொடுக்க ஒருவரும், நாட்காட்டியைக் காத்து நோன்பையும் திருநாளையும் கணித்துச் சொல்ல ஒருவரும் அவர்களிடையே பொறுப்பேற்றிருந்தார்கள். 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஔரா ஆலயத்துக்கு உராகாமி கிராமத்தார் சிலர் வந்து, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் தணிந்த குரலில் சொன்னார்கள். அப்போது தாங்கள் துக்க காலத்தின், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தின், 17ஆம் நாளில் இருப்பதாகவும் தெரிவித்தார்கள். அந்த ஆண்டு லெந்து தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 1. எண்ணிப் பாருங்கள், ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

ஆனால் இந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 1873இல் தடை தளர்ந்த பிறகும் அவர்களில் ஒரு பகுதியினர் திருச்சபையோடு சேரவில்லை. அவர்களுடைய ஜெபங்களில் இருந்த லத்தீன், போர்த்துகீசியச் சொற்கள் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து, பொருள் தெரியாத ஓசைகளாகிவிட்டிருந்தன. நெடுங்காலம் தனித்திருக்கும் விசுவாசம் அணையாமல் இருக்கக்கூடும், ஆனால் திருத்துவார் இல்லாமல் வடிவம் மாறியும் போகக்கூடும். ஆகவே யூடியூப் ஆராதனையைவிட, வாரம் ஒருமுறை குறித்த நேரத்தில் உங்களை அழைத்து, என்ன வாசித்தீர்கள், எங்கே தவறினீர்கள் என்று கூச்சமில்லாமல் கேட்கும் ஒரு மூப்பர் உங்களுக்கு அதிகம் தேவை. கிழமை எதுவானாலும் தாழ்வில்லை. குவைத்திலும் பஹ்ரைனிலும் உள்ள சபைகளே விடுமுறையை ஒட்டி வெள்ளிக்கிழமை கூடுகின்றன.

சில்லாலை மகள் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண்; குறுக்கிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த பிறகு எங்கள் முன்னோருக்கும் குருவானவர் இல்லை, பூசை இல்லை. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகளார் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டாராம். அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்ப்பதற்காக. பின்னர் அவரை மறைத்துக் காத்தவர்கள் எங்கள் சில்லாலை ஊரார். தாங்கள் மட்டுமே மிஞ்சியிருப்பதாக நினைத்த வீடுகள் அங்கே எத்தனையோ இருந்திருக்கும்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை உறுத்துகிறது, சகோதரரே. சமையற்கூடத்தில் இரண்டு பிலிப்பைன்ஸ்காரர்கள் இருப்பதாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே விசுவாசி ஒருவரும் இல்லை என்கிறீர்கள். பிலிப்பைன்ஸ் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், அதிலும் கத்தோலிக்கர்கள். உங்கள் முகாமில் இல்லாதவர் விசுவாசியா, தமிழரா, அல்லது உங்கள் சபையாரா? கூட்டம் சேர்த்து யாரையும் ஆபத்தில் மாட்டிவிட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு யாரும் தடைபோடவில்லையே.

பொருநைக்கரையான் எழுதியது:

அக்கா, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு நெடுநேரம் பதில் எழுத முடியாமல் இருந்தேன். அவர்களில் மூத்தவர் சாப்பிடுமுன் கட்டைவிரலால் நெஞ்சருகே ஏதோ செய்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்; சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிவிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றிரவு கேட்டேன். அது சிலுவை அடையாளமாம். ஆறு வருடமாக இங்கே இருக்கிறார். நானும் கிறிஸ்தவன் என்பதை அவரும் அறிந்திருக்கவில்லை.

ஞாயிறு இரவு பாத்திரங்கள் கழுவி முடிந்த பின், 42ஆம் சங்கீதத்தை ஆளுக்கொரு மொழியில் வாசிப்பதென்று பேசியிருக்கிறோம். எங்கள் ஊர் மூப்பர் ஒருவரும் வெள்ளிதோறும் மாலையில் அழைக்க ஒப்புக்கொண்டார். கடலோடி ஐயா, நோட்டுப் புத்தகம் வாங்க இங்கே கடை இல்லை. பம்பு பதிவேட்டின் பழைய தாள்களின் பின்பக்கத்தை எடுத்துத் தைத்து வைத்திருக்கிறேன்.