நடுவில் பிள்ளை படுத்தால் தாம்பத்தியம் முடிந்துவிட்டதா?

வைகைக்கரை
நேற்று கரிசல்காட்டான் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியது இது: "ஐந்து வயது தாண்டிய பிள்ளையை நடுவில் போட்டுப் படுக்கிற பெண், புருஷனோடு வாழ விருப்பமில்லை என்று சொல்லாமல் சொல்கிறாள்." அதற்கு ஒரு கூட்டமே ஆமாம் போட்டிருக்கிறது.

நான் மகப்பேறு வார்டில் செவிலியர். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் பெண்ணுக்கு பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஏறி, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருக்கும். ஆசை குறையும், உறுப்பு வறண்டுபோகும், சேர்ந்தால் வலிக்கும். தையல் போட்ட இடம் வேறு. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேரால் முடிகிறது? தலைவலி என்பாள், பிள்ளை முழித்துக்கொள்ளும் என்பாள். அப்புறம்தான் பிள்ளை நடுவில் வருகிறது. அந்தப் பிள்ளையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டால் வலி போய்விடுமா?

கரிசல்காட்டான்
மேடம், பால்குடி மறக்காத பிள்ளையைப் பற்றி நான் பேசவே இல்லை. ஐந்து வயது என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அதை மட்டும் விட்டுவிட்டுப் பாடம் நடத்துகிறீர்கள்.

என் பையன் மூன்றாம் வகுப்பு. அவனுக்கென்று தனி அறை, தனிக் கட்டில், சுவர் முழுக்க ரயில் படம். அந்தக் கட்டிலில் இப்போது மடிக்காத துணி குவிந்து கிடக்கிறது. அவன் எங்கள் நடுவில். நான் கையை நீட்டினால் அவன் தலையில்தான் படும். டிவி பார்க்கும்போது தோள் உரசினால்கூட அவள் தள்ளி உட்காருகிறாள். நான் உடம்புக்கு அலையவில்லை. பக்கத்தில் இருக்கிறவள் தொட்டால் போதும் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன். இதை ஆம்பளை சொன்னால் கேவலம், பொம்பளை சொன்னால் மருத்துவப் பிரச்சினை, அப்படித்தானே?

கோவைக்காரி
தள்ளி உட்காருகிறாள் என்றால் ஏன் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா சார்?

கரிசல்காட்டான்
கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றாள். பையனை அவன் அறையில் படுக்கவைக்கலாமா என்றேன். "பாவம், பயப்படுவான்" என்றாள். மூன்றாம் வகுப்புப் பையன் எதற்குப் பயப்படுவான்? கேள்வி இதுதான். யாரும் இதற்குப் பதில் சொல்ல மாட்டீர்கள்.

இரவுப்பணி
எங்கள் வீட்டில் தலைகீழ். நடுவில் பிள்ளையைப் படுக்கவைத்தது நான்.

நான் இரவு ஷிப்ட். வீடு வந்து சேரும்போது விடிந்திருக்கும். மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் எடுக்க ஆரம்பித்த பிறகு ஆசை என்பதே அற்றுப்போனது. மனைவி பக்கத்தில் வந்தால் பயம், தோற்றுப்போவேனோ என்று. மகளைத் தூக்கி நடுவில் போட்டுக்கொண்டால் அன்றைக்குத் தப்பித்தேன். அவளைப் பிடிக்காமல் இல்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வைகைக்கரை
தம்பி, நீங்கள் எழுதியது எல்லோரும் படிக்க வேண்டியது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பாராக்சிடின், இந்த வகை மாத்திரைகளுக்கு இது தெரிந்த பக்கவிளைவு. ஆசை குறையும், உச்சம் தள்ளிப்போகும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், பியூப்ரோபியான் மாதிரி வேறு மருந்துக்கு மாற்றலாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், சோர்வு திரும்ப வரும், தலைசுற்றலும் படபடப்பும் சேர்ந்து வரும்.

கரிசல்காட்டான், படித்தீர்களா? பிள்ளையை நடுவில் போட்டவர் ஆண். அவருக்கும் "வாழ விருப்பமில்லை" என்பீர்களா?

கரிசல்காட்டான்
அவருக்கு மாத்திரை இருக்கிறது, காரணம் இருக்கிறது. என் வீட்டில் யாரும் மாத்திரை எடுப்பதில்லை. ஒருவர் விதிவிலக்காக இருந்தால் ஊரே அப்படி ஆகிவிடுமா?

இரவுப்பணி தம்பி, கோபப்படாதீர்கள், ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் என் இடத்தில் இருப்பது உங்கள் மனைவி. நீங்கள் மகளைத் தூக்கி நடுவில் போட்டபோது அவருக்கு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

கோவைக்காரி
இங்கே எல்லோரும் தனி அறை, தனிக் கட்டில் என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் படுக்கையறை ஒன்றே ஒன்று. மாமியார் ஹாலில், எங்கள் கதவுக்கு நேர் எதிரே பாய் போட்டுப் படுப்பார். கதவைச் சாத்தினால் "ஏன் இப்பவே சாத்துறீங்க, காத்து வரட்டும்" என்று குரல் வரும். தாழ்ப்பாள் சத்தம் அவருக்குக் கேட்கும் என்பதற்காகவே அதைப் போட மாட்டோம். இப்படி வருஷக்கணக்கில் வாழ்ந்தால் உடம்பு தானாக மரத்துப்போகும். பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன்னால் தாழ்ப்பாளைப் பாருங்கள்.

கரிசல்காட்டான்
வந்துவிட்டதா மாமியார் புராணம்! போன பொங்கல் சமயத்திலும் இதையேதான் பாடினீர்கள்.

கோவைக்காரி
பாடினேன். அப்போது என்னைக் "குடும்பம் கலைக்கிறவள்" என்று எழுதியவர் நீங்கள்தான். நான் மறக்கவில்லை. ஒரு பெண்ணுக்குத் தன் வீட்டில் ஒரு கதவைச் சாத்தும் உரிமைகூட இல்லை என்று சொன்னால் குடும்பம் கலைகிறதாம். இன்றைக்கு உங்களுக்குத் தொடுகை இல்லை என்றதும் ஊரே கூடி அழ வேண்டும்.

கொல்லிமலைச்சாரல்
எதற்கு இத்தனை சண்டை? அமுக்கரா, பூனைக்காலி விதை, முருங்கைப் பிசின் சேர்ந்த லேகியம் ஒரு மண்டலம் இருவரும் சாப்பிட்டால் பிள்ளை நடுவில் இருந்தாலும் சரி, ஓரத்தில் இருந்தாலும் சரி. எங்கள் ஊர்ப் பரம்பரை வைத்தியர் மாதம் இரண்டு நாள் பேருந்து நிலையம் பக்கம் லாட்ஜில் அறை எடுத்துப் பார்க்கிறார்.

வைகைக்கரை
லாட்ஜ் வைத்தியமா? அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றிருந்தேன்.

ஆண்மைக்கு என்று விற்கும் "மூலிகை" மருந்துகளில் சில்டனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கும் அதே மருந்து, கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றன. டப்பா மேல் அதை எழுத மாட்டார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கும் ஆள் அதைத் தெரியாமல் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும், உயிரே போகும். அமுக்கராவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொடுப்பவர்கள் மேல்தான் கோபம்.

இன்னொன்று. ஆணுக்கு விறைப்பு குறைந்தால் முதலில் சுகர், பிரஷர், கொழுப்பு பார்க்க வேண்டும். அங்கே போகிற ரத்தக்குழாய் இதயத்துக்குப் போவதைவிடச் சிறியது, அதனால் அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். சிலருக்கு மாரடைப்புக்குச் சில வருஷம் முன்னால் வருகிற எச்சரிக்கை அது. அந்த ஆள் லாட்ஜுக்குப் போய் லேகியம் வாங்கினால் இதயத்தை யார் பார்ப்பது?

கொல்லிமலைச்சாரல்
எங்கள் தாத்தா காலத்தில் யாரும் சுகர் டெஸ்ட் எடுக்கவில்லை. எட்டுப் பிள்ளை பெற்றார்கள்.

வைகைக்கரை
அந்த எட்டையும் பெற்றது உங்கள் பாட்டி. அவருக்கு விருப்பம் இருந்ததா என்று யாராவது கேட்டீர்களா?

பழைய வக்கீல்
உணர்ச்சிவசப்பட வேண்டாம். சட்டம் தெளிவாக இருக்கிறது. உடல் இயலாமையோ தகுந்த காரணமோ இல்லாமல் ஒருவர் நீண்ட காலம் உறவை மறுத்தால் அது மனரீதியான கொடுமை ஆகலாம் என்று 2007லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014ல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கிலும் அதே நிலைதான், விவாகரத்து உறுதியானது. இந்து திருமணச் சட்டம் 9ஆம் பிரிவில் சேர்ந்து வாழக் கோரவும் வழி இருக்கிறது, 1984ல் அது செல்லும் என்று தீர்ப்பு. பெண்களால் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்றும் மேடம் எழுதுகிறார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் மணமான பெண்களில் 82 சதவீதம் பேர், விருப்பமில்லாவிட்டால் கணவனிடம் முடியாது என்று சொல்ல முடியும் என்றிருக்கிறார்கள்.

கரிசல்காட்டான்
அப்படிப் போடுங்கள் ஐயா! நான் சொன்னால் ஆணாதிக்கம், உச்ச நீதிமன்றம் சொன்னால்?

வைகைக்கரை
ஐயா, "தகுந்த காரணம் இல்லாமல்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலி காரணமா இல்லையா? மாதவிடாய் நின்றபின் வறட்சி காரணமா இல்லையா? தைராய்டு குறைவு? பகல் முழுக்க வேலை செய்துவிட்டு நடு இரவில் பாத்திரம் கழுவி முடித்த களைப்பு? 82 சொன்னீர்கள், மீதி 18ஐ விட்டுவிட்டீர்கள். நூற்றில் 18 மனைவிகள். தவிர, "முடியாது" என்று சொல்வது வேறு, ஏன் என்று சொல்வது வேறு. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல்தான் பாதிப் பேர் என் வார்டுக்கு வருகிறார்கள்.

9ஆம் பிரிவில் ஒரே வீட்டுக்கு வரச் சொல்லலாம், கட்டிலுக்குப் போகச் சொல்ல முடியாது. இந்த நாட்டில் 18 வயதைத் தாண்டிய மனைவியிடம் கணவன் பலவந்தமாக நடந்தால் அது வல்லுறவே ஆகாது என்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் விதிவிலக்கு இன்றைக்கும் இருக்கிறது. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்கிறது. அதை ஏன் நீங்கள் எழுதவில்லை?

பழைய வக்கீல்
கேட்டது மறுப்பைப் பற்றி. பலவந்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தலைப்பை மாற்றாதீர்கள்.

இரவுப்பணி
கரிசல்காட்டான் அண்ணா கேட்டதை மனைவியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், தான் குண்டாகிவிட்டதால்தான் நான் ஒதுங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். மாத்திரையைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னேன். அடுத்த முறை டாக்டரிடம் தானும் வருகிறேன் என்றாள். இங்கே யாராவது ஒரு வழி சொன்னால் நல்லது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

வைகைக்கரை
சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1970ல் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் வகுத்த பயிற்சி ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் பாலியல் சிகிச்சையில் பயன்படுகிறது. முதலில் உறவு கிடையாது என்று இருவரும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் முக்கியம். தோற்றுப்போவேன் என்ற பயம் அங்கேயே விழுந்துவிடும். பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் கை, முதுகு, தலை என்று தொடுவது, எது இதமாக இருக்கிறது என்று சொல்வது. மார்பும் பிறப்புறுப்பும் ஆரம்பத்தில் விலக்கு. அவசரமே இல்லை, கட்டம் கட்டமாகப் போக வேண்டும்.

ஆசை வந்தால்தான் தொட வேண்டும் என்று நினைக்கிறோம். 2000வாக்கில் ரோஸ்மேரி பாஸன் என்ற கனடா மருத்துவர் எழுதியது வேறு. நெடுநாள் சேர்ந்து வாழும் பெண்கள் பலருக்கு நெருக்கம் தொடங்கிய பிறகுதான் ஆசை எழும். ஆசை இல்லாமல் இருப்பதும் அன்பு இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் அந்தத் தொடக்கத்துக்கு அவள் மனதார ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். கெஞ்சி வாங்குவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் தொடக்கம் ஆகாது.

வலி இருந்தால் இதெல்லாம் அப்புறம், முதலில் மகளிர் மருத்துவர். வறட்சிக்கு வழுவழுப்பு ஜெல் மருந்துக் கடையிலேயே கிடைக்கும், மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு இருவரும் போகலாம், காசும் ஆகாது.

கரிசல்காட்டான்
முதுகு, தலை, கை. நடுவில் பையன் படுத்திருக்கும்போது இதையெல்லாம் எங்கே வைத்துச் செய்வது, மொட்டை மாடியிலா? முதலில் அவனை அவன் கட்டிலுக்கு அனுப்ப வேண்டும் என்றுதானே ஆரம்பத்திலிருந்து கத்துகிறேன். நீங்களும் அங்கேதான் வந்து நிற்கிறீர்கள், ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

வைகைக்கரை
நான் அங்கே வரவில்லை. பையனை அனுப்புவதற்கு முன்னால் மனைவியிடம் பேசுங்கள் என்கிறேன். நீங்கள் பேசுவது கட்டிலைப் பற்றி, நான் பேசுவது அவளைப் பற்றி. உங்கள் வீட்டில் யாரும் மாத்திரை எடுப்பதில்லை என்றீர்கள். தைராய்டு பார்த்தீர்களா, ரத்தசோகை பார்த்தீர்களா? நீங்கள் சுகர் பார்த்தீர்களா?

கரிசல்காட்டான்
என்னிடம் குறை என்று எதை வைத்து முடிவு கட்டினீர்கள்? ஒரு ஆள் மனசு விட்டு எழுதினால் அவனுக்கு சுகர் என்கிறீர்கள்!

வைகைக்கரை
இருவருக்கும் என்றுதான் கேட்டேன். மறுபடி படியுங்கள்.

கோவைக்காரி
மனைவி களைப்பாக இருக்கிறாள் என்று மேடம் எழுதியதற்கு இவர் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை பாருங்கள். அந்தக் கட்டிலில் குவிந்து கிடக்கும் துணியை மடிக்க வேண்டியது யார் சார்?

கரிசல்காட்டான்
துணியை நான்தான் மடிப்பேன், தெரியாமல் பேசாதீர்கள். அன்றைக்கு மடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய வக்கீல்
மேடம் 63ஆம் பிரிவைப் பற்றி எழுதியதற்கு விரிவாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. நாளை எழுதுகிறேன். அதற்குள் 2014 தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை
படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன் ஐயா. நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட், மதியம் வந்து பார்க்கிறேன். "போதிய காரணம்" என்ற இடத்தை விட்டுவிடாமல் எழுதுங்கள்.