கதவு நிலை, ஜன்னல் சட்டம்: ஸ்க்ரூ வெளியே தெரியாமல் பூட்டுவது

■ மர நிலை

ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு அதை எதைக்கொண்டு மூடலாம் என்று யோசிப்பதைவிட, எப்படியும் மூடப்போகிற இடத்தில் ஸ்க்ரூவை வைப்பதுதான் சுலபம். மர நிலையில் அப்படி மூன்று இடங்கள் உண்டு: கதவு வந்து முட்டும் தடுப்பு, கீல் உட்காரும் பள்ளம், ரப்பர் பீடிங் (கதவு இடுக்கை அடைக்கும் பட்டை) போகும் காடி, அதாவது நீளப் பள்ளம்.

தடுப்பை நிலையோடு ஒரே கட்டையில் காடி எடுத்துச் செய்யாமல், 12 மி.மீ. கனத்தில் தனிப் பட்டியாகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பட்டி உட்காரும் கோட்டிலேயே எல்லா ஸ்க்ரூவையும் இறக்கலாம். மூலையிலிருந்து 150 மி.மீ. தள்ளி முதல் ஸ்க்ரூ, அடுத்தடுத்தவை 600 மி.மீ.க்கு மிகாமல். 2100 மி.மீ. உயரக் காலுக்கு (நிலையின் பக்கக் கட்டைக்கு) நான்கு. பட்டியைத் தலை சிறுத்த ஆணியால் பிடித்தால் போதும், பசை வேண்டாம். பின்னாளில் நிலை தளர்ந்தால் பட்டியை நெம்பி எடுத்து உள்ளே முடுக்க வழி இருக்கும்.

கீல் பள்ளத்தில் வைக்கும்போது ஸ்க்ரூ தலை பள்ளத்தின் தரைக்குக் கீழே அமிழ வேண்டும். அரை மி.மீ. துருத்தினாலும் கீல் தகடு ஆடும், கதவு பூட்டுப் பக்கம் உரசும். பீடிங் காடியிலும் இதே கதைதான்; அங்கே தலையின் விட்டம் காடி அகலத்தைவிடச் சிறியதாக இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஆப்பில். நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்க, அப்படியே முடுக்கினால் கால் சுவரை நோக்கி வளையும். ரசமட்டத்தை மேலும் கீழும் வைத்துப் பார்த்தால் சரியாகக் காட்டும், நடுவில்தான் கோணல். ஒவ்வொரு ஸ்க்ரூ இருக்கும் இடத்திலும் இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராக ஆப்பு கொடுத்து, அது இறுகிய பிறகே முடுக்க வேண்டும்.

■ மரக் கட்டையால் மூடுவது

மேலே சொன்ன மூன்று இடமும் கிடைக்காத பழைய நிலைகளுக்கு இது. முதலில் 10 மி.மீ. அகல ஓட்டை, 8 முதல் 10 மி.மீ. ஆழம். அதன் பிறகே நடுவில் ஸ்க்ரூ தண்டுக்கான சிறிய ஓட்டை. வரிசையை மாற்றினால் பெரிய பிட்டுக்கு மையம் பிடிக்காது, வாய் சிதறும்.

மூடும் கட்டையை அதே மரத்தில், பலகையின் முகத்திலிருந்து வெட்டி எடுங்கள். நெடுவாக்கில் வெட்டிய குச்சியை வைத்தால் வெட்டுவாய் மேலே தெரியும். வார்னிஷ் குடித்துக் கறுத்த வட்டமாக நிற்கும். ரேகை நிலையின் ரேகையோடு ஒத்துப்போகட்டும். பசையை ஓட்டையின் சுவரில் மட்டும் தடவ வேண்டும், ஸ்க்ரூ தலையில் படக்கூடாது.

செதுக்கும்போது ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். 2 மி.மீ. மேலே விட்டு முதல் வெட்டு போடுங்கள். ரேகை எந்தப் பக்கம் கீழே இறங்குகிறது என்று தெரிந்துவிடும். மிச்சத்தை அந்த இறங்கும் பக்கமிருந்தே, ரேகை ஏறும் திசையில் உளியால் சீவ வேண்டும். இதைப் பார்க்காமல் சீவினால் கட்டை மட்டத்துக்குக் கீழே பிய்ந்து குழி விழும்.

■ யுபிவிசி, அலுமினியம்

யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னலில் கண்ணாடி பீடிங்கைக் (கண்ணாடியைப் பிடிக்கும் பட்டியை) கழற்றினால் தெரியும் உள்தரைதான் இடம். 7.5 மி.மீ. சட்ட ஸ்க்ரூவுக்குச் சுவரில் 6 மி.மீ. ஓட்டை, பிளக் (ஓட்டையில் செருகும் பிளாஸ்டிக் குழல்) தேவையில்லை. சட்டத்தைத் துளைக்கும் வரை டிரில்லின் ஹேமரை (இடிக்கும் இயக்கத்தை) அணைத்து வையுங்கள். ஓட்டையில் தூள் தங்கினால் ஸ்க்ரூ பாதியில் சிக்கிக்கொள்ளும். தலை தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டால் சட்டம் உள்வாங்கும்.

அடிச் சட்டத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம். மழைத்தண்ணீர் தேங்கி வடிவதே அதற்குள்தான். அங்கே போடும் ஒவ்வொரு ஓட்டையும் சுவருக்குள் தண்ணீர் விடும் குழாய். அங்கே வெளிப்புறத் தகட்டுப் பிடிப்பு போதும்.

அலுமினியச் சட்டத்தின் மூலையில், உள்ளே ஓடும் 'சி' வடிவ ஸ்க்ரூ குழலில் நேராக முடுக்குகிறோம். தலை சுவர்ப்பக்கம் போய் மறைந்துவிடும். எதிர்ச்சட்டத்தின் ஓட்டை 1 மி.மீ. தள்ளிப்போனாலும் குழலின் வாய் விரிந்து பிடிமானம் போய்விடும். அதனால் ஓட்டையின் இடத்தைக் காட்டும் அச்சுத் தகடு ஒன்று செய்துவைத்து ஓட்டை போடுங்கள். முடுக்குவதற்கு முன்பே வெட்டுவாயில் சிலிக்கான் தடவ வேண்டும், பிறகு வெளியே பூசுவது நிற்காது. ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். சாதா இரும்பு ஈரத்தில் அலுமினியத்தோடு சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கும்.

■ மக்கு பற்றி

ஸ்க்ரூ ஓட்டையை மக்கு (புட்டி) வைத்து அடைப்பதை மேலே எங்கும் சொல்லவில்லை, காரணம் இதுதான். மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும், மக்கு அசையாது. விளிம்பில் மயிரிழை விரிசல் விழுந்து வட்டம் பெயின்ட்டுக்கு மேல் தெரியும்.

மர நிலை வைப்பவர்களுக்கு இன்னொன்று: தடுப்புப் பட்டியை ஆணி அடிப்பதற்கு முன் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். கதவு லேசாக முறுக்கியிருந்தால் பட்டியை அதற்கேற்ப 1, 2 மி.மீ. நகர்த்திக்கொள்ளலாம். ஒரே கட்டையில் எடுத்த காடியில் அந்த வசதி கிடையாது.