பீடி சுற்றும் கையில் டென்னிஸ் எல்போ, உடம்பு முழுக்க ஃபைப்ரோமையால்ஜியா: என்ன செய்யலாம்?

முக்கூடல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 46, முக்கூடல் பக்கம் கிராமம். கல்யாணத்துக்கு முந்தியே பீடித் தட்டோடு உட்கார்ந்தவள், இன்னும் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. ஃபைப்ரோமையால்ஜியா என்று டாக்டர் எழுதிக்கொடுத்துச் சில வருஷம் ஆகிறது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, தூங்கி எழுந்தாலும் தூங்காத அசதி. அதோடு எப்படியோ ஓட்டுகிறேன்.

இப்போது வந்திருப்பது வேறு மாதிரி இருக்கிறது. வலது முழங்கையின் வெளிப்பக்கம் எலும்பு துருத்தி நிற்குமே, அங்கே தொடங்கி மணிக்கட்டு வரை இழுக்கிறது. இலை வெட்டக் கத்திரியை அழுத்தினால் சுள்ளென்று ஏறும். சோற்றுப் பானையை இறக்க முடியவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் பிடி நழுவுகிறது. ஆஸ்பத்திரியில் சொன்னால் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "உனக்குத்தான் அந்த நோய் இருக்கே, எல்லாம் அதுதான்" என்று அதே மாத்திரையை எழுதுகிறார்கள். கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் வலியைவிடப் பெரிய வருத்தம்.

இது அதுதானா, வேறா? கடைக்குக் கணக்குப்படி பீடி கொடுக்க வேண்டும், கையைச் சும்மா வைத்திரு என்றால் நடக்காது. இரண்டும் சேர்ந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

தென்காசி தம்பி:

அக்கா, எங்கள் அம்மாவுக்கும் இதே இடத்தில்தான் வலி. ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள், சீக்கிரமே குறைந்துவிட்டது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

பாளை டெய்லரக்கா:

முக்கூடல்காரி, எனக்கும் இரண்டும் உண்டு. நானும் கத்திரி பிடிக்கிறவள்தான், துணி வெட்டுகிறவள். உங்கள் டாக்டர் சொன்னது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1990-ல் வந்த விதிப்படி, உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து அதில் 11 வலித்தால் ஃபைப்ரோமையால்ஜியா என்பார்கள். அந்த 18-ல் இரண்டு இடம், இரு முழங்கையின் வெளிப்பக்கம். 2010-ல் வந்த புது விதியில் அந்த அழுத்திப் பார்க்கும் முறையையே விட்டுவிட்டார்கள். ஆகவே அங்கே அழுத்தி வலித்தது என்பதை மட்டும் வைத்து இது ஃபைப்ரோதான் என்று யாரும் சொல்லக்கூடாது. ஃபைப்ரோ இருக்கிறவளுக்கு வேறு வலியே வராது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வைத்து, மணிக்கட்டை மேலே தூக்குங்கள். மகளை விட்டுப் புறங்கையைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். வலது முழங்கையில் மட்டும் அந்தச் சுள்ளென்ற வலி ஏறினால், முழங்கை வெளிப்பக்க நாண் நைந்து வலிக்கும் டென்னிஸ் எல்போவுக்கே வாய்ப்பு அதிகம். ஃபைப்ரோ வலி பொதுவாக இரண்டு பக்கமும் இருக்கும், கூடிக் குறையும், ஓரிடத்தில் நிற்காது.

ஊசி பற்றித் தம்பி சொன்னது உண்மைதான், சீக்கிரம் குறையும். ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் நடந்த இரண்டு ஆய்வுகளில் (2006, 2013) முதல் சில வாரம் நன்றாக இருந்த ஊசிக்காரர்கள், ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். வலி திரும்பி வந்ததும் அவர்களுக்குத்தான் அதிகம். தட்டை இறக்க முடியாதவர் இதைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யட்டும்.

அப்புறம் கத்திரி. சாணை பிடியுங்கள், திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். விரல் நுழையும் வளையத்தில் துணி சுற்றினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. இலை நன்றாக நனைந்து பதமாக இருந்தால் பாதி அழுத்தம் போதும். மொத்த இலையையும் ஒரே மூச்சில் வெட்டாமல், கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் சுற்றி, மாற்றி மாற்றிச் செய்யுங்கள். செம்போ சட்டியோ எதுவானாலும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். துணியை முறுக்கிப் பிழிவதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன், சொட்டச் சொட்டக் கொடியில் போட்டால் நம் ஊர் வெயிலுக்குத் தானே காய்கிறது.

நெல்லை பிசியோ:

டெய்லரக்கா சொன்ன சோதனை சரி. மணிக்கட்டைத் தூக்கும் தசைகளின் நாண் அந்த எலும்பில்தான் பிடித்திருக்கிறது, அதிக வேலையால் அது நைந்துபோகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் தணிந்துவிடும். விரல் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ கழுத்து நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சி உண்டு. முன்கையை மேசையில் வைத்து, இடது கையால் வலது புறங்கையை அழுத்திக்கொண்டு, அசையாமல் மேலே தள்ளுங்கள். மற்றவர்களுக்கு அரை நிமிஷம் என்போம். ஃபைப்ரோ உள்ளவர் ஐந்து எண்ணும் வரை போதும். மறுநாள் காலை வலி முந்தைய நாள் அளவிலேயே இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். கூடியிருந்தால் பாதியாகக் குறையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். அது பழகின பிறகு பாதித் தண்ணீர் உள்ள பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சி.

எல்போ பேண்ட் என்ற முழங்கைப் பட்டை போட்டால் முழங்கைக்கு இரண்டு விரல்கடை கீழே, தளர்வாக. ஃபைப்ரோ உடம்புக்கு அந்த இறுக்கமே வலிக்கும், தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

முக்கூடல்காரி:

மகளை வைத்துச் செய்து பார்த்தேன் மதினி. வலதில் உயிர் போகிறது, இடதில் ஒன்றுமில்லை. இத்தனை நாள் நானாகக் கற்பனை செய்கிறேனோ என்று இருந்தது. ஃபைப்ரோவுக்கு ராத்திரி போடும் அமிட்ரிப்டிலின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

பாளை டெய்லரக்கா:

நீங்களாக நிறுத்தவே கூடாது. தூக்கம் கெட்டால் ஃபைப்ரோ கூடும், அது கூடினால் முழங்கையும் இரண்டு மடங்காகத் தெரியும். அந்த மாத்திரையை எழுதினவரிடமே கேளுங்கள். வலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தினமும் போடுவதும் வேண்டாம், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டைக்ளோஃபினாக் ஜெல் முழங்கையில் தடவலாமா என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் பிசியோ பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். போகும்போது கத்திரியையும் நாலு இலையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நீங்கள் எப்படி உட்கார்ந்து வெட்டுகிறீர்கள் என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். மகள் இலை வெட்டித் தர முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள் மதினி.