60 மணி நேரம் வீடியோ கேம் விளையாடினால் ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 நிலை தேறலாமாம்!

இரும்புத்தூண்:
பக்கத்து இழையில் ஒரு மேதை எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஹிரகானா, கடகானா தெரிந்தால் போதும். ஒரு 60 மணி நேர ஆர்பிஜியை ஜப்பானிய மொழியில் ஆடி முடித்துவிட்டு நேரே போய் ஜேஎல்பிடி என்3 எழுதலாம். பாடப்புத்தகம் பணத்துக்குக் கேடு." இதற்கு விருப்பக்குறி வேறு குவிகிறது. (புதியவர்களுக்கு: ஹிரகானா, கடகானா இரண்டும் ஜப்பானிய ஒலியெழுத்துகள், சேர்த்து கானா என்பார்கள். ஆர்பிஜி என்பது ஒரு பாத்திரமாகக் கதைக்குள் நடந்து ஆடும் வீடியோ கேம். ஜேஎல்பிடி ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, என்3 அதன் நடு நிலை.)

யாருடைய 60 மணி அது? மொழி நன்றாகத் தெரிந்தவர் ஆடி முடிக்கும் நேரம். அதிலும் சண்டை, நடை, பெட்டி திறப்பது, மெனுவில் வாள் மாற்றுவது எல்லாம் சேர்த்தி. வசனம் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. மீதி 40 மணி நேரமும் ஜப்பானிய மொழி கற்பது கட்டைவிரல் மட்டும்தான்.

நடுநிசி_நரி:
எழுதினது நான்தான் சார். பேர் போட்டே திட்டியிருக்கலாம். சண்டையில எழுத்தே வராதுன்னு யார் சொன்னது? தாக்கு, தற்காப்பு, விஷம், முடக்கம், மயக்கம், குணமாக்கு எல்லாம் நூற்றுக்கணக்கான தடவை கண்ணுல படுது. இதே சொற்களைப் புத்தகத்துல எத்தனை தடவை பார்ப்பீங்க? இரண்டு தடவை?

இரும்புத்தூண்:
கண்ணில் படுவதும் படிப்பதும் ஒன்றா? மெனுவில் மூன்றாவது வரி மந்திரம், கடைசி வரி சேவ் என்பதை விரல் முதல் ஒரு மணி நேரத்திலேயே மனப்பாடம் செய்துவிடும். அதன் பிறகு யாரும் எழுத்தைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்த்து அழுத்துகிறார்கள். அதே சொல்லை வெள்ளைத் தாளில் தனியாக எழுதிக் காட்டுங்கள், முழிப்பார்கள். என் கேள்வி அப்படியே நிற்கிறது: 60இல் படித்த மணி எத்தனை?

தாள்மடிப்பு:
இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை. அமைப்புகளை மாற்றாமல் ஆடினால் இரும்புத்தூண் சொல்வதுதான் நடக்கும். முதலில் போக வேண்டிய இடத்தை அம்புக்குறியால் காட்டும் குவெஸ்ட் மார்க்கரையும் சிறு வரைபடத்தையும் அணைக்க வேண்டும். அம்புக்குறி இருக்கும்வரை ஊர்ப் பெரியவர் என்ன சொன்னாலும் கவலையில்லை, ஓடிக்கொண்டே இருக்கலாம். அணைத்துவிட்டால் "பாலத்தைத் தாண்டி, கிணற்றுக்குப் பின்னால்" என்பதைப் படித்தே ஆக வேண்டும். வசனம் தானாக ஓடும் வசதியையும் நிறுத்துங்கள், பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த பெட்டி வர வேண்டும். பழைய வசனத்தைத் திரும்பப் பார்க்கும் பதிவு இல்லாத ஆட்டத்தைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். ஒரு பொத்தான் தவறினால் போச்சு.

நடுநிசி_நரி:
அதேதான் நானும் சொல்றேன். கூடவே, காஞ்சி (சீனத்துல இருந்து வந்த எழுத்து) மேல சின்னதா ஃபுரிகானா, அதாவது கானாவுல உச்சரிப்பு, போட்ட ஆட்டமா எடுக்கணும். யோகாய் வாட்ச் மாதிரி. போகிமான்ல 2010இல் வந்த பிளாக், ஒயிட்ல இருந்தே கானாவா காஞ்சியான்னு தேர்வு செய்யலாம். 2013இல் வந்த எக்ஸ், ஒய்ல இருந்து தொடங்கும்போதே மொழியைக் கேட்கும், அப்புறம் அந்த சேவ்ல மாத்த முடியாது. அதுவும் நல்லதுதான், பாதியில பயந்து இங்கிலீஷுக்கு ஓட வழியில்லை.

பழையபெட்டி:
எதற்கு இவ்வளவு சுற்று? நின்டெண்டோவின் பழைய கன்சோலான ஃபேமிகாம் காலத்து ஆட்டம் எடுங்கள். 1986இன் முதல் டிராகன் குவெஸ்ட்டில் காஞ்சியே கிடையாது. எழுத்துக்கு 8க்கு 8 புள்ளிதான் இடம், அதில் காஞ்சி எங்கே நுழையும்? எல்லாம் கானா, சொற்களுக்கு நடுவே இடைவெளி வேறு. தொடக்கக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரும்புத்தூண்:
வந்துவிட்டார் புதைபொருள் நிபுணர். கானா மட்டும் இருந்தால் அகராதியில் தேடும்போது ஒரே ஒலிக்கு நாலைந்து பொருள் வரும். எது என்று காட்டிக்கொடுப்பதே காஞ்சிதான். அன்றாடப் பயன்பாட்டுக்கான ஜோயோ பட்டியலில் 2136 காஞ்சி இருக்கிறது, என்3க்கு அதில் சில நூறாவது வேண்டும். காஞ்சியே இல்லாத ஆட்டத்தை ஆடி காஞ்சித் தேர்வு எழுதப் போகிறீர்களா?

பழையபெட்டி:
இடைவெளியைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பதில் எங்கே?

இரும்புத்தூண்:
60க்கு வருவோம். நழுவ விடமாட்டேன்.

ஒரு வசனப் பெட்டியில் 3 வரி, வரிக்கு 20 எழுத்து என்று வையுங்கள். மொத்தம் 60 எழுத்து. தாய்மொழிக்காரர் நிமிடத்துக்கு 500 எழுத்து படிப்பார் என்றால் பெட்டிக்கு 7 நொடி. தொடக்கக்காரருக்கு அதில் 4 சொல் தெரியாது. ஒரு சொல் தேட 15 நொடி, 4 சொல்லுக்கு 60. பிறகு வாக்கியத்தை மறுபடி கோத்துப் படிக்க இன்னொரு 30. ஆக 90 நொடி, ஏறக்குறைய 13 மடங்கு. 20 மணி வசனம் 250 மணியைத் தாண்டும். 60க்குள் முடித்தவர் படிக்கவில்லை, படித்தவர் 60க்குள் முடிக்கவில்லை. இதில் நீங்கள் எந்த வகை, நரியாரே?

அடுத்து தேர்வு. என்3இல் மூன்று பகுதி, தலா 60 மதிப்பெண். மொத்தம் 180க்கு 95 வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 19. கேட்டல் தனிப் பகுதி. குரல் இல்லாமல் எழுத்து மட்டும் ஓடும் ஆர்பிஜியை 600 மணி ஆடினாலும் காதுக்கு என்ன கிடைக்கும்? சண்டை இசை.

நடுநிசி_நரி:
முதல் 10 மணி நேரம்தான் அந்த 90 நொடி. அதே ஊர், அதே ஆட்கள், அதே சொற்கள். வேகம் தானா ஏறும். கணினியில ஆடினா 15 நொடி தேடலே கிடையாது. டெக்ஸ்ட்ராக்டர்ங்கிற மென்பொருள் வசனத்தை உருவி உலாவியில ஒட்டும், அங்க யோமிடான்ங்கிற அகராதி நீட்சி இருந்தா சொல் மேல சுட்டியை வைச்சதும் பொருள் வரும், ஒரு சொடுக்குல ஆன்கி செயலியில மனப்பாட அட்டை தயார். 2 நொடி வேலை. கேட்டலுக்கு, குரல் இருக்கிற விஷுவல் நாவல் (படத்தோட வசனம் படிச்சுப் போற கதை ஆட்டம்) எடுங்க, பதிவுல போய் அதே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். சாருக்கு இதெல்லாம் தெரியாது போல.

இரும்புத்தூண்:
தெரியும். டெக்ஸ்ட்ராக்டர் எல்லா ஆட்டத்திலும் ஒட்டாது என்பதும், கன்சோலில் வேலையே செய்யாது என்பதும் சேர்த்தே தெரியும். அங்கே திரையைப் படம்பிடித்து, படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரியில் போட வேண்டும். நீங்கள் தலையில் வைத்து ஆடும் அந்த ஃபுரிகானாவைப் பல எழுத்துணரிகள் தனி வரியாக எடுத்து வாக்கியத்துக்குள் சொருகும். அலங்கார எழுத்தென்றால் குப்பைதான் வரும்.

ஆன்கி அட்டை சொன்னீர்களே, நாளுக்கு எத்தனை?

நடுநிசி_நரி:
30, 40. அதுக்கென்ன?

இரும்புத்தூண்:
நாளுக்கு 10 புதிய அட்டை போட்டாலே கொஞ்ச நாளில் மறுபார்வை 70 முதல் 100 வரை ஏறும். 40 என்றால் 300, 400. அதற்கே தினம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த மணியும் உங்கள் 60இல் உண்டா? "பாடப்புத்தகம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அகராதி, அட்டை, உருவி, ஒட்டி என்று ஒரு தொழிற்சாலையே நடத்துகிறீர்கள். டுவோலிங்கோ இழையிலும் இதே கதை. எண்ணைக் கேட்டதும் மூன்று நாள் ஆளைக் காணோம்.

நடுநிசி_நரி:
அந்த இழையைப் பூட்ட வைச்சதே உங்க 14 பதிவுதான். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

மௌனவாசகன்:
தனியாள் ஆட்டத்தை விட்டுவிட்டு பலர் ஆடும் ஆட்டத்துக்கு வாருங்கள். ஐரோப்பாவில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று தனித்தனி சர்வர்கள் உண்டு. அங்கே குழுவில் சேர்ந்தால் எழுதியே ஆக வேண்டும்.

இரும்புத்தூண்:
என்ன எழுதுவார்கள்? "வா", "நில்", "சிகிச்சை கொடு", நடுவில் சுருக்கெழுத்து வசை. 2002இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 11இல் பட்டியலிலிருந்து சொற்றொடரை எடுத்துப் போட்டால் எதிராளிக்கு அவர் மொழியில் தெரியும். ஒரு சொல்கூடக் கற்காமல் குழுவாக ஆடத்தான் அந்த வசதி.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பள்ளி ஜப்பானிய மொழிக்கு 88 வாரம், 2200 வகுப்பு மணி ஒதுக்குகிறது. 2200. பக்கத்தில் 60ஐ வைத்துப் பாருங்கள்.

தாள்மடிப்பு:
அது தூதரகத்தில் பேசி வேலை பார்ப்பதற்கு. என்3இல் பேச்சுத் தேர்வே கிடையாதே. இந்த ஒப்பீடு எப்படிப் பொருந்தும்?

இரும்புத்தூண்:
பாதியாக்குங்கள். கால்வாசியாக்குங்கள். 550. இன்னும் 60 வரவில்லையே.

நடுநிசி_நரி:
60ன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னதைப் பிடிச்சு தொங்குறீங்க. 80ன்னு வைச்சுக்கோங்க.

இரும்புத்தூண்:
பார்த்தீர்களா, ஏலம் தொடங்கியாச்சு! 80இல் படித்த மணி எத்தனை?

மௌனவாசகன்:
நான் ஜெர்மன் சர்வர் பற்றிச் சொன்னேன். நீங்கள் வேறொரு ஆட்டத்தின் வசதியைக் காட்டி முடித்துவிட்டீர்கள்.

நடுநிசி_நரி:
விடுங்க, அவருக்கு 60ஐத் தவிர வேற எண் தெரியாது.

பழையபெட்டி:
சொல் பிரிக்கும் இடைவெளி தொடக்கக்காரருக்கு உதவுமா உதவாதா என்று கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கிறேன்.