3 வாரக் குட்டியும் 6 மாத நாயும்

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில், மழையில் நனைந்து கிடந்த 3 வார நாய்க்குட்டியொன்றை எடுத்து வந்தோம், பசும்பால் கொடுத்ததும் வயிற்றுப்போக்கு கண்டுவிட்டது. எங்கள் 6 மாத நாயோ அதைப் பந்துபோல் உருட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பசும்பாலை நிறுத்திவிடுங்கள்; நாய்ப்பாலைவிட அதில் கொழுப்பும் புரதமும் குறைவு, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை அதிகம். நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, 4 மணி நேரத்துக்கொரு முறை, குட்டியைக் குப்புற இருத்தியே ஊட்டுங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். ஊட்டுவதற்கு முன் குட்டியின் உடம்பு சூடேறட்டும், குளிர்ந்த குட்டிக்குச் செரிக்காது. இந்த வயதில் வயிற்றுப்போக்கு ஆபத்து. இன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மற்றொரு பதில்: பெரியதற்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? வெளியே சுற்றும் நாய் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமியைக் காலில் கொண்டுவரும். குட்டிக்கு முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில்தான் என்பதால், அதுவரை தனியறையே உத்தமம்.

கேட்டவர்: பெரியதற்கு ஓர் ஊசி பாக்கியிருக்கிறது. குட்டியை இப்போதே மாடியறைக்கு மாற்றிவிட்டோம். கதவடியில் மூக்கை நுழைத்தபடி இவன் படுத்திருக்கிறான்.